பாலுக்கு முன்னால் சூடு: கண் திறக்காத பூனைக்குட்டியைக் காப்பாற்ற

கார் போனட்டுக்குள், மோட்டார் ரூமில், மாடிப்படிக்கு அடியில் கட்டிவைத்த பழைய பேப்பருக்குப் பின்னால். கண் திறக்காத பூனைக்குட்டி பெரும்பாலும் இப்படி ஓர் இடத்தில்தான் கிடைக்கும். தூக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். உடனே வீட்டில் யாராவது ஒருவர், "பாவம், பசிக்குதுபோல, கொஞ்சம் பால் கொண்டா" என்பார். கிண்ணத்தில் பசும்பால் வரும். குட்டிக்கு நக்கத் தெரியாது, மூக்கை உள்ளே விட்டுத் தும்மும். அப்புறம் இங்க் ஃபில்லர் தேடி எடுத்து, குட்டியை மல்லாக்கப் பிடித்து வாய்க்குள் விடுவார்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ குட்டி விறைத்துக் கிடக்கும். "தாயில்லாமல் அது பிழைக்காது" என்று சொல்லிப் புதைத்துவிடுவார்கள்.

இப்படிச் சாகிற குட்டிகளில் பல பிழைத்திருக்க வேண்டியவை. அந்த வீட்டில் இரக்கத்துக்குக் குறைவில்லை. எதை முதலில் செய்வது என்ற வரிசைதான் மாறிப்போகிறது. தாய்ப்பூனை குட்டிக்குப் பால் மட்டும் கொடுப்பதில்லை. அதற்கு முன்பே தன் உடம்புச் சூட்டைக் கொடுக்கிறது. பாலுக்குப் பிறகு நக்கிநக்கிச் சிறுநீரும் மலமும் போகவைக்கிறது. இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் மற்றவற்றால் பயனில்லை. இது புரிந்துவிட்டால் குட்டி வளர்ப்பில் சொல்லப்படும் விதிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமும் புரிந்துவிடும்.

உண்மையிலேயே தாயில்லையா?

குட்டியை வீட்டுக்குத் தூக்கிவருவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றிச்சுற்றி வருகிறான் என்று சொல்கிறோம் இல்லையா, தாய்ப்பூனை உண்மையில் அப்படித்தான் அலையும். பால் சுரக்க அது சாப்பிட்டாக வேண்டும். எலியோ, மீன்கடைக் கழிவோ தேடிச் சில மணி நேரம் போய்விட்டு வரும். இடம் பாதுகாப்பில்லை என்று தோன்றினால் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய் வேறிடத்தில் வைக்கும். நம் கண்ணில் பட்ட ஒற்றைக் குட்டி அந்த இடமாற்றத்தில் கடைசியாக எடுத்துப்போகக் காத்திருக்கும் குட்டியாக இருக்கலாம்.

குட்டி வெதுவெதுப்பாக, வயிறு நிரம்பி, சத்தம் போடாமல் தூங்குகிறது என்றால் தாய் பக்கத்தில் எங்கோ இருக்கிறது. அதைத் தொடாமல் விலகிவிட வேண்டும். மனிதர்கள் கூடி நிற்கும்வரை தாய் வராது. தள்ளியிருந்து, முடிந்தால் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். நாள்முழுக்கக் காவல் இருக்க முடியாதவர்கள் குட்டி கிடக்கும் இடத்தைச் சுற்றி அரிசிமாவை மெல்லிய வளையமாகத் தூவிவைக்கலாம். சில மணி நேரம் கழித்து மாவில் பாதத் தடம் இருக்கிறதா என்று பார்த்தால் தாய் வந்துபோனது தெரிந்துவிடும்.

மனிதக் கை பட்ட குட்டியைத் தாய் ஒதுக்கிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. பூனையைப் பொறுத்தவரை அதற்கு ஆதாரமில்லை. குளிர்ந்துபோன குட்டியை எடுத்துச் சூடாக்கித் திரும்பக் கொண்டுபோய் வைத்தாலும் தாய் தூக்கிக்கொண்டு போகும். ஆனால் சில நேரம் காத்திருக்கக் கூடாது. குட்டி தொட்டால் சில்லென்று இருந்தாலோ, மழையில் நனைந்திருந்தாலோ, எறும்பு மொய்த்தாலோ, காயம் இருந்தாலோ, தெருநாய் சுற்றினாலோ உடனே எடுத்துவிட வேண்டும். எறும்பை நான் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தொப்புள்கொடி காயாத குட்டிக்கு நம் ஊரில் அது பெரிய ஆபத்து. கண்ணையும் தொப்புளையும்தான் முதலில் கடிக்கும்.

வைணவத்தில் மார்ஜார நியாயம் என்று ஒன்று சொல்வார்கள். குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டி எதுவும் செய்யாது, தாயே கவ்விக்கொண்டு போகும். தென்கலையார் சரணாகதியை விளக்கப் பூனைக்குட்டியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்து ஆசாரியர்கள் பூனையை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்று வியப்பாக இருக்கிறது. தாய் பிடரியைக் கவ்வியதும் குட்டியின் உடம்பு தானாகத் தளர்ந்து, கால்கள் மடங்கி, பொம்மைபோல் தொங்கும். அது ஓர் உடல் அனிச்சை. பிறந்த பூனைக்குட்டிக்குக் கண் தெரியாது, காது கேட்காது. தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும், தானாகச் சிறுநீர் கழிக்கவும்கூடத் தெரியாது. மோப்பமும், சூடு இருக்கும் பக்கமாக நகர்கிற உணர்வும் மட்டும்தான் அதனிடம் உண்டு.

வயது கணிக்க

எவ்வளவு பால், எத்தனை மணிக்கு ஒருமுறை, எவ்வளவு சூடு எல்லாம் வயதைப் பொறுத்தவை. தொப்புள்கொடி காய்ந்த நூல்போல ஒட்டியிருந்தால் பிறந்து ஐந்து நாள்கூட ஆகியிருக்காது. காது தலையோடு மடிந்து, கண் மூடியிருந்தால் முதல் வாரம். கண் பொதுவாக 7 முதல் 14 நாளுக்குள் திறக்கும். இரண்டு கண்ணும் ஒரே நாளில் திறக்க வேண்டியதில்லை, இழுத்துத் திறக்கவும் கூடாது. திறந்ததும் எல்லாக் குட்டிக்கும் கண் நீலமாகத்தான் இருக்கும். மூன்றாவது வாரத்தில் காது நிமிர்ந்து, முன்பக்கம் அரிசிபோலச் சின்னப் பற்கள் முளைக்கும். தள்ளாடி நடக்கத் தொடங்கும். நான்காவது வாரத்தில் கோரைப்பல் தெரியும். எடையும் துணைசெய்யும். பிறக்கும்போது சுமார் 100 கிராம், அதன்பின் வாரத்துக்குச் சுமார் 100 கிராம் கூடும் என்று வைத்துக்கொள்ளலாம். பட்டினி கிடந்த குட்டியை எடையை மட்டும் வைத்துக் கணித்தால் ஏமாந்துபோவோம். பல்லையும் கண்ணையும் நம்புவது நல்லது.

முதலில் சூடு

வளர்ந்த பூனையின் உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். பிறந்த குட்டிக்கு முதல் வாரத்தில் 35, 36 டிகிரிதான் இருக்கும். அதையும் அதனால் தக்கவைத்துக்கொள்ள முடியாது. நமக்குக் குளிரெடுத்தால் உடம்பு நடுங்கிச் சூட்டை உண்டாக்கும். முதல் வாரக் குட்டிக்கு அந்த நடுக்கமே வராது. எடையோடு ஒப்பிட்டால் தோல்பரப்பு அதிகம், தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு. அதனால் சூடு வெளியேறிக்கொண்டே இருக்கும்.

"நம் ஊர் வெயிலுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று தோன்றலாம். முதல் வாரக் குட்டியைச் சுற்றி 30 முதல் 32 டிகிரி வேண்டும், இரவிலும்தான். சென்னையிலேயே மார்கழி இரவில் வெப்பம் 20 டிகிரிப் பக்கம் இறங்கிவிடுகிறது. கோவையையும் ஓசூரையும் சொல்லவே வேண்டாம். கோடையிலும் டைல்ஸ் தரை சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். தலைக்கு மேல் ஃபேன் ஓடினால் ஈரமான சின்ன உடம்பு மிக விரைவாகக் குளிர்ந்துவிடும். ஏசி அறையில் வைக்கவே கூடாது.

குளிர்ந்த குட்டிக்கு ஏன் பால் கொடுக்கக் கூடாது? உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் குடல் அசைவது நின்றுவிடும். உறிஞ்சும் அனிச்சையும் விழுங்கும் அனிச்சையும் மங்கிவிடும். அப்போது உள்ளே போகிற பால் செரிக்காமல் வயிற்றில் கிடந்து புளித்து, உப்பி, மேலேறி வந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பசியோடு ஒரு மணி நேரம் இருந்தால் குட்டி சாகாது. குளிரில் பால் குடித்தால் சாகலாம்.

சுண்டுவிரலைக் குட்டியின் வாய்க்குள் மெல்ல விட்டுப்பாருங்கள். உள்ளே சில்லென்று இருந்தால் அது ஆபத்தில் இருக்கிறது. பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, மூடியை இறுக்கி, துணியால் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுங்கள். முன்கையில் வைத்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. குட்டியை ஒரு துணியில் பொதிந்து அதன் பக்கத்தில் வையுங்கள். வெந்நீர் தயாராகும்வரை சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம். மனித உடம்பின் சூடு அதற்கு நன்றாகவே போதும். ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ எடுத்து மெதுவாகச் சூடேற வேண்டும். ஹேர் டிரையர், வெந்நீரில் முக்குவது, அடுப்புப் பக்கத்தில் வைப்பது எதுவும் வேண்டாம். திடீர்ச் சூடு தோலைச் சுட்டுவிடும், இதயத்தையும் தடுமாறச் செய்யும்.

அப்புறம் நிரந்தர ஏற்பாடு. உயரமான அட்டைப்பெட்டி, அடியில் மடித்த பழைய லுங்கி அல்லது பருத்திப் புடவை, ஒரு பக்கம் மட்டும் வெந்நீர் பாட்டில். டர்க்கி டவல் வேண்டாம். பால்குட்டிக்கு நகத்தை உள்ளிழுத்துக்கொள்ளத் தெரியாது, டவலின் நூல்வளையத்தில் நகம் மாட்டிக்கொள்ளும். சூட்டை ஒரு பக்கமாக வைப்பதற்குக் காரணம், அதிகமானால் குட்டி தானே நகர்ந்து மறுபக்கம் போகட்டும் என்பதுதான். நடுராத்திரியில் பாட்டில் ஆறிவிட்டால் அதுவே குட்டியின் சூட்டை உறிஞ்சத் தொடங்கும், அதனால் பால்நேரத்துக்கெல்லாம் நீரை மாற்றிவிட வேண்டும். கோழிக்குஞ்சுக்குப் போடுவதுபோல் குண்டு பல்பு போடுகிறவர்கள் அதைப் பெட்டிக்கு மேலே உயரமாகக் கட்ட வேண்டும். மின்சாரம் போனால் என்ன செய்வது என்றும் முன்பே யோசித்துவைக்க வேண்டும். இரண்டாவது வாரத்தில் 27 முதல் 29 டிகிரி, மூன்றாவது வாரத்தில் இன்னும் கொஞ்சம் குறைவு. அதன்பின் பெரும்பாலான மாதங்களில் நம் ஊர் அறைவெப்பமே போதும்.

அடுத்துத்தான் பால்

பூனைப்பாலில் புரதம் பசும்பாலைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல், கொழுப்பும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பால்சர்க்கரையான லாக்டோஸ் மட்டும் பசும்பாலைவிடச் சற்றுக் குறைவு. குட்டிக்கு வேண்டிய சத்தைப் பசும்பாலில் இருந்தே எடுக்க வேண்டுமானால் அது ஏறத்தாழ இரண்டு பங்கு குடித்தாக வேண்டும். அதோடு லாக்டோஸும் இரண்டு பங்குக்கு மேல் உள்ளே போகும். செரிக்காத லாக்டோஸ் குடலில் நீரை இழுத்து வயிற்றுப்போக்காகும். நூறு கிராம் உடம்பில் இருக்கிற நீர் எவ்வளவு? ஒரே நாள் பேதியில் அது வற்றிவிடும். பாலில் தண்ணீர் கலந்து "லேசாக்கி"க் கொடுத்தால், ஏற்கெனவே குறைவான புரதமும் கொழுப்பும் இன்னும் குறையும், அவ்வளவுதான். ஆட்டுப்பாலும் இந்தக் கணக்கில் பசும்பாலுக்குக் கிட்டத்தட்ட சமம்தான். செரெலாக், கஞ்சித்தண்ணீர், குழந்தைகளுக்கான பால்பவுடர் எதுவும் இதற்கு ஈடாகாது.

வேண்டியது பூனைக்குட்டிக்கென்றே தயாரிக்கும் பால்பவுடர். செல்லப்பிராணிக் கடைகளில், கால்நடை மருத்துவரிடம், இணையத்தில் கிடைக்கும். நாய்க்குட்டிப் பவுடரை வாங்கி வந்துவிட வேண்டாம். விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் ஒரு டப்பா பல நாள் வரும். பாக்கெட்டில் போட்ட அளவில், கொதித்து ஆறிய நீரில் கலக்க வேண்டும். கலந்ததை ஃப்ரிட்ஜில் ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம். தேவையானதை மட்டும் சின்னக் குவளையில் எடுத்து, வெந்நீருக்குள் அந்தக் குவளையை வைத்து வெதுவெதுப்பாக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். பவுடர் கிடைக்கும்வரை அந்த ஓர் இரவை ஓட்ட, வெதுவெதுப்பான குளுக்கோஸ் நீரைச் சொட்டுச்சொட்டாகக் கொடுக்கலாம். குட்டி துவண்டு கிடந்தால் ஈறில் அதைத் தடவினாலே போதும். இது உணவாகாது, ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாகக் குறைந்துபோகாமல் தாங்கிப்பிடிக்கும், அவ்வளவே.

பூனைக்குட்டிக்கு வயிறு சின்னது. 100 கிராம் எடைக்கு ஒரு வேளைக்கு 4 மி.லி. என்பது நல்ல கணக்கு. 100 கிராம் குட்டிக்கு 4 மி.லி., 250 கிராம் குட்டிக்கு 10 மி.லி. முதல் வாரத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவிலும். இரண்டாவது வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை. மூன்றாவதில் மூன்று நான்கு மணிக்கு. நான்காவதில் நான்கைந்து மணிக்கு. வீட்டில் இருவர் இருந்தால் இரவைப் பங்குபோட்டுக்கொள்ளுங்கள். தனியாளாக இரண்டு வாரம் இப்படி விழித்துக்கொண்டிருப்பது லேசான காரியம் இல்லை.

புகட்டும் விதத்தில்தான் பல குட்டிகள் போய்விடுகின்றன. குழந்தையை மடியில் மல்லாக்கக் கிடத்திச் சங்கிலோ பாலாடையிலோ புகட்டிப் பழகிய கைகள் நம்முடையவை. பூனைக்குட்டியை அப்படி வைத்தால் பால் நேராக நுரையீரலுக்குப் போகும்; நிமோனியா வரும். தாயிடம் குட்டி எப்படிக் குடிக்கிறது என்று நினைத்துப்பாருங்கள்: குப்புறப் படுத்து, முன்காலால் மிதித்துக்கொண்டு, தலையைச் சற்றே நிமிர்த்தி. அதேபோல வயிறு கீழே இருக்கும்படி மடித்த துணிமேல் படுக்கவைத்து, தாடைக்கடியில் ஒரு விரல் கொடுத்து, சின்ன ஃபீடிங் பாட்டிலின் நிப்பிளை வாயில் வைக்க வேண்டும்.

புது நிப்பிளில் பெரும்பாலும் துளையே இருக்காது. ஊசியைக் காய்ச்சிக் குத்திக்கொள்ள வேண்டும். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தால் பால் தானாக ஒழுகக் கூடாது, லேசாக அழுத்தினால் ஒவ்வொரு சொட்டாக விழ வேண்டும். அதுதான் சரியான துளை. பாட்டிலை நாம் பிழியக் கூடாது, குட்டி உறிஞ்ச வேண்டும். சரியாகப் பற்றிக்கொண்டால் நாக்கு நிப்பிளை வளைத்துப் பிடிக்கும், ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் அந்தக் குட்டிக் காது இரண்டும் முன்னும் பின்னும் ஆடும், பாட்டிலுக்குள் சின்னச்சின்னக் குமிழ் ஏறும். காது ஆடுகிறதா என்று பாருங்கள். குடிக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. நிப்பிள் பிடிக்காத மிகச் சின்னக் குட்டிக்கு ஊசி நீக்கிய 1 மி.லி. சிரிஞ்சில், வாயோரமாக, ஒரு சொட்டு விழுங்கியதைப் பார்த்து அடுத்த சொட்டு. மூக்கு வழியே பால் வந்தால் உடனே நிறுத்தி, தலையைக் கீழாகச் சாய்த்து மூக்கைத் துடைக்க வேண்டும். அதன்பின் மூச்சில் கிளிக்கென்ற ஓசையோ இழுப்போ இருந்தால் அன்றே மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

நக்கிவிடும் வேலை

பலருக்குத் தெரியாமல் விட்டுப்போவது இது. மூன்று வாரம்வரை பூனைக்குட்டியால் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க முடியாது. தாயின் சொரசொரப்பான நாக்கு பட்டால்தான் அந்த அனிச்சை வேலை செய்யும். பால் குடித்தும் சிறுநீர் போகாத குட்டி வயிறு உப்பிச் செத்துப்போகும். காரணம் வீட்டாருக்குத் தெரியவே தெரியாது.

ஒவ்வொரு வேளைப் பாலுக்கும் முன்னோ பின்னோ, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் பின்பக்கத்தை மெல்ல, தொடர்ச்சியாகத் தடவிக்கொடுக்க வேண்டும். சில நொடிகளில் சிறுநீர் சொட்டும், நிற்கும்வரை தடவலாம். நிறம் வெளிர்மஞ்சளாக இருந்தால் நல்லது. அடர்மஞ்சள் என்றால் நீர்ச்சத்து போதவில்லை. தோலைக் கிள்ளிப் பார்க்கும் சோதனை இவ்வளவு சின்னக் குட்டியிடம் நம்பும்படி இருக்காது, சிறுநீர் நிறம்தான் வழிகாட்டி. மலம் நாளுக்கு ஒருமுறை வந்தாலே போதும். கடுகுமஞ்சள் நிறத்தில், பேஸ்ட் பதத்தில் இருக்கும். பிறகு உடம்பு முழுவதும் ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்த்திவிட வேண்டும். குளிப்பாட்டக் கூடாது. குளிப்பாட்டினால் மேலே சொன்ன சூட்டுக் கணக்கு அத்தனையும் வீணாகிவிடும்.

தெள்ளுப்பூச்சி இருந்தால் அலட்சியம் வேண்டாம். இத்தனை சின்ன உடம்பில் நிறையத் தெள்ளு ரத்தம் உறிஞ்சினால் ஈறு வெளுத்துச் சோகைபிடித்துச் சாகும். ஆனால் நாய்க்குப் போடும் தெள்ளு மருந்தைத் தொடாதீர்கள். பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. பேன்சீப்பால் வாரி, சீப்பில் சிக்கும் தெள்ளைச் சோப்புநீர்க் கிண்ணத்தில் முக்குவதுதான் இந்த வயதுக்குப் பாதுகாப்பான வழி.

மருந்து விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. பூனையின் ஈரலுக்குச் சில வேதிப்பொருள்களை முறித்து வெளியேற்றும் நொதி மிகக் குறைவு. பாராசிட்டமால் அதில் முதலாவது. ஒரே மாத்திரை வளர்ந்த பூனையையே கொன்றுவிடும். ஃபினைல், டெட்டால் போன்ற பினால் வகைக் கிருமிநாசினிகளும் அதே காரணத்தால்தான் ஆகாது. குட்டி இருக்கும் அறையின் தரையை ஃபினைல் போட்டுத் துடைக்காதீர்கள். நாம் கால் வைக்கும் தரையில் அது வயிற்றால் ஊர்கிறது.

தராசு

குட்டி நன்றாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று போதும். தினமும் ஒரே நேரத்தில், ஒரு கிண்ணத்தில் வைத்து நிறுத்து எழுதிவையுங்கள். ஒரு நாளைக்கு 10 முதல் 15 கிராம் கூட வேண்டும். ஒரு நாள் கூடவில்லை என்றால் கவனிக்க வேண்டும். குறைந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். குட்டி விளையாட்டாகத் தெரிந்தாலும் தராசு முந்திக்கொண்டு சொல்லிவிடும்.

சில குட்டிகள் எல்லாம் சரியாகச் செய்தும் திடீரென்று துவண்டு, வாயைத் திறந்து மூச்சுவாங்கி, சில்லிட்டுப்போகும். அப்போதும் முதலில் சூடு, ஈறில் குளுக்கோஸ், உடனே மருத்துவமனை. பிறவிக்குறையோ தொற்றோ உள்ளே இருந்திருக்கலாம். தாயிடம் வளரும் குட்டிகளிலும் இது நடப்பதுதான். நம் கையில் ஓர் உயிர் அடங்கிவிட்டால் அது நம் குற்றம் என்று எண்ணிக்கொண்டு, அடுத்த குட்டியைத் தூக்கத் தயங்கக் கூடாது.

இங்கே சீம்பால் பற்றியும் சொல்லியாக வேண்டும். பூனைக்குட்டி கருப்பையில் இருக்கும்போது தாயிடமிருந்து நோய் எதிர்ப்புப் புரதங்களை மிகக் கொஞ்சமே பெறுகிறது. மீதி எல்லாம் பிறந்த முதல் ஒரு நாளுக்குள் குடிக்கும் பாலில்தான். அதன்பின் குடல் அவற்றை உறிஞ்சிக்கொள்வதில்லை. பிறந்தவுடனே தாயைப் பிரிந்த குட்டி தொற்றுக்கு எதிராக ஏறக்குறைய வெறுங்கையோடு நிற்கிறது. கை கழுவிவிட்டுத் தொட வேண்டும், வீட்டிலுள்ள மற்றப் பூனைகளிடமிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்பதெல்லாம் இதனால்தான். பால் கொடுக்கும் வேறொரு தாய்ப்பூனை கிடைத்தால் அதைவிடச் சிறந்தது எதுவுமில்லை. பூனைகள் பிறர் குட்டியை எளிதில் ஏற்றுக்கொள்ளும். மருத்துவமனைகளிலும் பக்கத்திலுள்ள பூனை வளர்ப்பவர்களிடமும் கேட்டுவைப்பது வீண்போகாது.

சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1903இல் தொடங்கிய கல்லூரி அது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளிலும் மருத்துவமனை உண்டு. மற்ற ஊர்களில் அரசுக் கால்நடை மருத்துவமனை. அங்கே மாடும் ஆடும்தான் அதிகம் வரும் என்பதால் தயங்க வேண்டாம். குடற்புழு மருந்து இரண்டு மூன்று வாரத்திலேயே தொடங்கும். தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி 16 வாரம்வரை சில வார இடைவெளியில் போடுவார்கள். ரேபிஸ் ஊசி 12 வாரத்தில்.

குட்டி கடித்துவிட்டாலோ கீறிவிட்டாலோ, இத்தனை சின்னக் குட்டிக்கு என்ன ரேபிஸ் என்று வீட்டிலேயே முடிவுகட்டிவிடாதீர்கள். அதன் தாயைப்பற்றி நமக்கு எதுவும் தெரியாது. சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். கையில் வட்டவட்டமாகச் சிவந்தால் படர்தாமரை. குட்டிகளிடமிருந்து எளிதில் தொற்றும், எளிதில் குணமாகும்.

நாலு வாரத்துக்குப் பிறகு

நிப்பிளைக் கடித்துக் குதறத் தொடங்கினால் தட்டு உணவுக்கு நேரமாகிவிட்டது. பால்பவுடர் கரைசலில் குட்டிகளுக்கான ஈர உணவைக் கூழாகப் பிசைந்து தட்டையான தட்டில் வையுங்கள். முதல் நாள் அதில் நடந்துதான் போகும். இதே சமயத்தில் ஒரு தாம்பாளத்தில் மணலோ கிழித்த செய்தித்தாளோ போட்டுவைத்தால், சொல்லிக்கொடுக்காமலேயே போய்த் தோண்டும். கட்டியாகும் வகை பூனைமணலை இந்த வயதில் தவிர்க்க வேண்டும். தின்றுபார்த்துவிடும், குடலில் அடைத்துக்கொள்ளும்.

பால்சோறும் தயிர்சாதமும் கொடுத்து வளர்க்கும் வீடுகள் நிறைய. பூனை முழு ஊனுண்ணி. டாரின் என்ற சத்தை அதன் உடம்பால் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ள முடியாது, இறைச்சியில் இருந்துதான் பெற வேண்டும். டாரின் குறைந்தால் பூனைக்கு விழித்திரை கெடும் என்று 1975இல் தெரியவந்தது. இதயத்தசையும் தளர்ந்துபோகும் என்று 1987இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். வெறும் சோற்றில் வளரும் பூனை சில வருடத்தில் காட்டும் கோளாறுகளுக்கு வேர் இந்தக் குட்டிப்பருவத்திலேயே ஊன்றிவிடுகிறது. வேகவைத்து முள்நீக்கிய மீனோ எலும்பில்லாக் கோழியோ கொஞ்சம் சேர்க்கலாம், உப்பும் மசாலாவும் இல்லாமல். மீன்குழம்புச் சோறு மட்டும் வேண்டாம். அதிலிருக்கும் சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைத்துவிடும், வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

இரண்டிலிருந்து ஏழு வாரம்வரை குட்டி எதைப் பார்த்துப் பழகுகிறதோ அதற்குப் பின்னாளில் பயப்படாது. மனிதக் கை, குழந்தைகளின் சத்தம், மிக்ஸி ஓடும் ஒலி எல்லாம் அப்போதே பழக்கமாகட்டும். தனிக்குட்டியாக வளர்வது இன்னொரு வயதொத்த குட்டியோடு சேர்ந்தால் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் கற்றுக்கொள்ளும். மனிதரிடம் மட்டும் வளர்ந்தது கையைக் கடித்துத்தான் விளையாடும். கூடப்பிறந்தவை இருந்தால் பிரிக்காதீர்கள், வேறு வீட்டுக்குக் கொடுப்பதானாலும் எட்டு வாரத்துக்கு முன் வேண்டாம்.

குட்டி தேறிவிட்டதும் பெரும்பாலான வீடுகள் தாய்ப்பூனையை மறந்துவிடுகின்றன. அது உயிரோடு அந்தத் தெருவிலேயே இருந்தால், பால்குடி நின்ற சில வாரத்தில் மறுபடி சினைபிடிக்கும். சுமார் 63 நாளில் அடுத்த ஈற்று. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை இப்படி. நாம் எடுத்து வளர்த்த பெண்குட்டியும் நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். அதற்குள் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடலாம். தாயைச் சோறு வைத்துப் பழக்கி, கூண்டில் பிடித்து, அதற்கும் செய்துவிட்டால் அதே மோட்டார் ரூமில் அடுத்த குட்டிகள் கிடக்காது. விலங்குநல அமைப்புகள் பலவும், சென்னையின் ப்ளூ கிராஸ் உட்பட, இதற்கு உதவுகின்றன. பாலூட்டிக்கொண்டிருக்கும் தாயைப் பிடிப்பதானால் முதலில் மற்றக் குட்டிகள் எங்கே இருக்கின்றன என்று தேடிக் கண்டுபிடித்துவிட்டுப் பிடியுங்கள்.